ரொட்டிக் கம்பெனி வண்டி

மூன்று கோட்டிங் வெள்ளை பெயிண்ட் அடித்து, கூரையில் விளக்கு இருந்த ஓட்டையைப் பூசி மெழுகிவிட்டால் எந்த ஆம்புலன்ஸும் சாதா வேனாகிவிடும் என்பது அந்தப் பழைய வண்டித் தரகரின் நம்பிக்கை. உண்மையைச் சொன்னால்தான் வாங்க வருகிறவர்கள் தலைதெறிக்க ஓடுகிறார்களே.

மகளோடு வந்த பெண்மணி இன்ஜினைத் திறக்கச் சொல்லவில்லை. கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தாள், நம்பர் பிளேட்டைப் பார்த்தாள். யாராவது ஆபீஸரோ என்று தரகர் அவசரமாகச் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டார்.

“முன்னாடி இது என்னவா ஓடுச்சு?”

“ரொட்டிக் கம்பெனி வண்டிம்மா. பூ மாதிரி வெச்சு ஓட்டினாங்க.”

அவள் பின்கதவைத் திறந்து அண்ணாந்து பார்த்தாள். “கூரையில இந்தக் கொக்கி எதுக்கு? ரொட்டிக்கு குளுக்கோஸ் ஏத்தினாங்களா?”

தரகர் தலையைச் சொறிந்தார். “ஒத்துக்கறேன்மா, ஆம்புலன்ஸ்தான். ஆனா இன்ஜின் தங்கம். மனசுக்கு ஒப்பலைன்னா விடுங்க, வேற வேன் காட்டறேன்.”

“வேற எதுவும் வேண்டாம். ஸ்கூல் பிள்ளைங்களை ஏத்திட்டுப் போக நானே ஓட்டப் போறேன். நாலு மாசமா இந்த வண்டியைத்தான் தேடிட்டிருக்கேன்.”

“இதையேவா? ஏம்மா?”

அவள் காகிதத்தை நீட்டினாள். மகளின் பிறப்புச் சான்றிதழ். பிறந்த இடம் என்ற கட்டத்தில் ஆஸ்பத்திரி பெயர் இல்லை; ஒரு வண்டி நம்பர் இருந்தது.

தரகர் குனிந்து நம்பர் பிளேட்டைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். அதற்குள் அந்தச் சிறுமி செருப்பைக் கழற்றிப் பின்கதவருகே ஓரமாக விட்டுவிட்டு, சொந்த வீட்டுக்குள் போகிறவளைப் போல உள்ளே ஏறியிருந்தாள்.