யூஜினின் ரத்தம்

எங்கள் ஆய்வகத்தில் ஒப்பீட்டுக்கு வீட்டார் ரத்தத்தையும் எடுத்துவைப்போம். என் கணவர் யூஜின் கொடுத்தது உறைபெட்டியில் இருக்கிறது. அவர் இறந்து மூன்று வருடமாகிறது.

இந்த மழைக்காலத்தில் பெங்களூரில் ஒரு புது வைரஸ் காய்ச்சல். அது வந்தவர்களுக்கு மட்டும் உண்டாகும் எதிர்ப்பொருள், ஒப்பீட்டுக்கு எடுத்த யூஜினின் ரத்தத்தில் இருந்தது. மறுபடி சோதித்தேன், இருந்தது. என்னிடமிருந்து தொற்றியதோ என்று என் ரத்தத்தையும் சோதித்தேன். அதில் இல்லை.

உதவியாளர் கேரல் காய்ச்சல் விடுப்பு முடிந்து அன்றுதான் வந்திருந்தாள்.

"கன்டாமினேஷனா இருக்கும் மேடம். தூக்கிப் போட்டுடலாம்."

"உனக்கு யார்கிட்டேருந்து ஒட்டிச்சு?"

"தெரியலை மேடம். விவேக் நகர் வீட்ல நான் மட்டும்தானே. யாரு வரப்போறா?"

யூஜின் உயிரோடு இருந்தபோது, அந்த வீட்டு வாசலில் அவர் பைக்கை ஒருமுறை பார்த்திருக்கிறேன்.

யூஜினின் ரத்தம் இருந்த சோதனைக் குழாயைத் தூக்கிப் போடாமல் கேரல் உள்ளங்கையில் பொத்திக்கொண்டிருந்தாள். ரத்தம் உருகத் தொடங்கியிருந்தது.