ஐந்தாவது சொல்

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில், எங்கள் வாடகை அறையின் ஜன்னல் கம்பி நிழல் பிரகலாதனின் மடிக்கணினியில் கோடு போடுகிறது. நாளைக்கு வளாகக் கண்காட்சியில் அவனுடைய செயலி, அவனோடு ஒரே செயற்றிட்டம் செய்யும் அருந்ததியின் சேர்வரிடம் பஸ் இருக்கை ஒன்றைக் கேட்டு வாங்கிக் காட்டவேண்டும். இல்லாவிட்டால் இருவருக்கும் புள்ளியில்லை. அவன் இணையத்தில் எடுத்த நிரல் நூலகத்துக்கு கெற், போஸ்ற், புற், டிலீற் என்ற நான்கு கோரிக்கைச் சொற்கள்தான் தெரியும். இருக்கையைப் பிடித்துவைக்க அருந்ததி ‘ஹோல்ட்’ என்று ஐந்தாவதாக ஒன்றைத் தானே உண்டாக்கியிருக்கிறாள். மூன்று நாளாக அவன் நூலகத்தைப் பிரித்து அந்தச் சொல்லைச் சேர்க்கிறான். ஆறிய தேநீரில் எறும்பு நீந்துகிறது. “போஸ்ற் எண்டு மாத்தச் சொல்லி அவளிட்டைக் கேளன்ரா. ரெண்டு நிமிச வேலை,” என்கிறேன். “ஒரு மாசமாய் நானும் அவளும் கதைக்கிறேல்லை. அவளிட்டைக் கேக்கிறதை விட இது சுகம்.” பலாலி வீதியில் பஸ் ஒன்று விடாமல் ஹோர்ன் அடிக்கிறது. அவன் சிவந்த கண்களைக் கசக்கிவிட்டுக் கோரிக்கையை அனுப்புகிறான். கோரிக்கை ஏற்கப்பட்டதென்று திரையில் ‘200 ஓகே’ பதில் வருகிறது. “ஓம் எண்டிட்டாளோ?” “சேர்வர்தான் ஓம் எண்டது,” என்கிறான் பிரகலாதன். பிறகு அதே கோரிக்கையை, தேவையே இல்லாமல், இன்னொருதரம் அனுப்புகிறான்.