ஒவ்வொரு வாய்க்கும்

எட்டு வயது ஜெனிட்டாவுக்கு வாந்தி என்றால் அவ்வளவு பயம். ஒவ்வொரு வாய்க்கும் முன்னால், “வராதுல்லப்பா?” என்று கேட்பாள். “வராதும்மா” என்று அருளப்பன் சொன்ன பிறகுதான் வாயைத் திறப்பாள். அந்தச் சொல்தான் பயத்துக்குத் தீனி, இனிமேல் சொல்லாதீர்கள் என்றார் டாக்டர். மூன்று நாளாக அவன் சொல்லவில்லை. மூன்று நாளாக அவளுக்குக் குளுக்கோஸ் தண்ணீர்தான். பாவாடை இடுப்பில் நிற்காமல் ஊக்கு குத்தியிருந்தது.

இன்று இட்லியைப் பிட்டு நீட்டி, “வந்தா வரட்டும்டா, அப்பா தாங்கிப் பிடிச்சுக்கறேன்” என்றான்.

“டாக்டர் மாதிரி பேசாத. நீ எப்பவும் சொல்றதச் சொல்லு.”

அவன் இட்லியை அவள் வாயருகே கொண்டுபோனான். அவள் சோப்பு போட்டுக் கழுவிக் கழுவி வெளிறிப்போன இரண்டு விரல்களால் அவன் உதடுகளைப் பிரித்தாள்.

“வராதும்மா.”

இட்லி உள்ளே போனது. அவள் மென்றுகொண்டிருந்தாள், விரல்களை மட்டும் அவன் உதட்டிலிருந்து எடுக்கவில்லை.