புதுக் கழுதை

"இந்தக் காலத்துல எவனுக்கும் முகத்தைப் பார்த்துப் பேசுற பழக்கமே இல்ல. அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டு முணுமுணுக்கிறது, இந்தப் பக்கம் குனிஞ்சுக்கிட்டு முணுமுணுக்கிறது. மனசுல கள்ளம் இருக்கிறவன்தான் அப்படிப் பேசுவான்!"

குர்பொனலி எலெக்ட்ரிக் கிட்டாரை மார்போடு அணைத்தபடியே உட்கார்ந்தார். குஜந்த் சந்தையில் தந்தி வாத்தியச் சாமான் விற்பவன் ஃபைசுல்லோ ஒருவன்தான். வேறு கடை இருந்திருந்தால் அவர் இந்தப் பக்கமே வந்திருக்க மாட்டார்.

ஃபைசுல்லோ திரும்பி நின்றான். "இதோ முகத்தைக் காட்டிட்டேன் சித்தப்பா. என்ன வேணும்?"

"கழுதை."

தந்திகளை முதுகில் சுமக்கிற பிரிட்ஜ் என்கிற பாலத்துக்கு எங்கள் பக்கத்தில் குட்டிக் கழுதை என்றுதான் பெயர். துத்தார் என்கிற இரண்டு தந்தி வாத்தியத்தில் இருந்தாலும் சரி, கிட்டாரில் இருந்தாலும் சரி.

"கிட்டாரைக் குடுங்க, ஒரு டீ குடிக்கிறதுக்குள்ள மாட்டித் தரேன்."

"நீ தொடாத. நானே மாட்டிக்கிறேன்."

"முன்ன பின்ன மாட்டியிருக்கீங்களா?"

"இல்ல. அதுக்காக? உன் கையில குடுத்தா உள்ள இருக்கிற நல்ல சாமானை உருவிட்டுத் தகரத்தை வச்சிடுவ."

தலைமுடி கறுப்பாக இருந்த நாளிலிருந்து கல்யாணங்களில் வாசிக்கிறவர் அவர். எந்த வீட்டு விருந்தானாலும் பெரிய ஸ்பீக்கருக்குப் பக்கத்து நாற்காலி அவருடையதுதான். இப்போது இசைக்குழுத் தலைவன் சொபிர் புதிதாக ஒரு குறை கண்டுபிடித்திருக்கிறான். 'உங்க கிட்டார் சுருதி விலகுது சித்தப்பா. ஞாயித்துக்கிழமைக் கல்யாணத்துலயும் இப்படின்னா வேற ஆளைப் பார்த்துக்குவோம்.' மச்சினனை உள்ளே நுழைக்க அவன் போடும் திட்டம் இது என்று அவருக்குத் தெரியாதா? ஆனாலும் கழுதை துருப்பிடித்திருந்தது உண்மை. அதை மாற்றிவிட்டால் எவன் வாயைத் திறப்பான்?

தந்திகளைத் தளர்த்திக் கழற்றினார். திருப்புளியை வைத்துத் திருகினார். பழைய கழுதை கையோடு வந்ததும், அடியிலிருந்து ஒரு மெல்லிய கம்பி எட்டிப் பார்த்தது.

"இது எவன் வச்ச வேலை?"

"எர்த் கம்பி சித்தப்பா. எல்லாத்துலயும் இருக்கும். புதுக் கழுதை அதுமேல அழுத்தி உட்காரணும், இல்லேன்னா ஒரே இரைச்சல்."

"இத்தனை வருஷத்துல எங்கிட்ட எவனும் சொல்லல."

"நீங்க கழுதைக்கு அடியில குனிஞ்சு பார்த்திருக்க மாட்டீங்க."

அவன் சிரிக்கிறானா என்று உற்றுப் பார்த்துவிட்டு, பழையதைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டார்.

"அந்தத் துருவை வச்சு என்ன பண்ணப் போறீங்க?"

"நீ என்ன பண்ணுவேன்னு தெரியும். பாலிஷ் போட்டு அடுத்தவன் தலையில கட்டுவ."

புதியதை முடுக்கி, தந்திகளை ஏற்றியதும், ஃபைசுல்லோ சுருதி பார்க்கும் சின்னக் கருவியைக் கிட்டாரின் தலையில் கவ்வவிட்டான். "தந்தியைச் சும்மா ஒரு தட்டு. அப்புறம் நடுக்கட்டையில அழுத்தி ஒரு தட்டு. ரெண்டுக்கும் பச்சை விளக்கு எரியணும். எரியலேன்னா கழுதை முதுகுல இருக்கிற ஸ்க்ரூவைத் திருகுங்க."

பச்சை வரும்வரை அவர் விளக்கிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"இத்தனை கல்யாணத்துல வாசிச்சவர், காதாலேயே பிடிச்சிடலாமே?"

"என் காதை ஏன் இழுக்கிற?" என்று சீறினார்.

சீறிய வேகத்தில் திருப்புளி நழுவி மேஜைக்கு அடியில் உருண்டது. குனிந்து, தடவி, எடுத்துக்கொண்டு நிமிர்ந்தால், எதிரே பாட்டு சிடி விற்கிற கடைக்காரன் வெளியே வந்து கூரையைக் காட்டி இரண்டு கைகளையும் விரிக்கிறான். இங்கே ஃபைசுல்லோ உதட்டைப் பிதுக்குகிறான்.

"அங்க என்ன சைகை?"

"அதான் சொன்னேனே சித்தப்பா, வேற ஒண்ணுமில்ல."

சொன்னானாம்! சொபிர் இவர்கள் இரண்டு பேரையும் விலைக்கு வாங்கிவிட்டான் என்று குர்பொனலிக்கு உறுதியாகிவிட்டது.

"வயரைச் சொருகு. வாசிச்சுப் பார்க்கணும்."

"இப்பவா?"

"இப்பவேதான். ஏன், உன் சரக்கு பல்லிளிச்சிடும்னு பயமா?"

ஃபைசுல்லோ தோளைக் குலுக்கிவிட்டு வயரைச் சொருகினான். ஸ்பீக்கர் பெட்டிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டான். அவர் மாப்பிள்ளை அழைப்புப் பாட்டை எடுத்தார். விரல்கள் பழைய வேகத்தில் ஓடின. ஃபைசுல்லோ பெட்டியின் குமிழை இடமும் வலமும் திருப்பிப் பார்த்து, கடைசிவரை முறுக்கினான்.

அவன் கையைக் கவனித்த குர்பொனலி முகத்தைச் சுளித்தார். "குறைடா! காது கிழியுது!"

ஃபைசுல்லோவின் கை குமிழிலேயே நின்றுவிட்டது.

"என்ன முழிக்கிற? மூணாவது தந்தி இன்னும் பிசிறடிக்குது. நீ குடுத்தது போலி. ஞாயித்துக்கிழமை மட்டும் ஏதாவது ஆகட்டும், திங்கக்கிழமை வந்து உன் கடையைக் கவுத்துடறேன்."

கிட்டாரை உறையில் போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டு, தலையை ஆட்டியபடி நடையைக் கட்டினார்.

"சித்தப்பா! உங்க தொப்பி!" ஃபைசுல்லோ தொண்டை கிழியக் கத்தினான். ரொட்டி விற்கிற பெண்கள் திரும்பினார்கள். கூடை சுமந்து போனவன் திரும்பினான். குர்பொனலி மட்டும் திரும்பாமல் போய்க்கொண்டிருந்தார்.

பாட்டுக் கடைக்காரன் மெதுவாகக் கிட்டே வந்து, ஸ்பீக்கர் பெட்டியின் அணைந்த விளக்கைத் தொட்டுப் பார்த்தான். "கரண்ட் போயிடுச்சுன்னு அவர்கிட்ட நீ சொல்லலையா?"

"மேஜைக்கு அடியில திருப்புளியைத் தேடிக்கிட்டிருந்தப்பவே சொன்னேன்" என்றான் ஃபைசுல்லோ, தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு. "முகத்தைப் பார்த்துச் சொல்லியிருக்கணும்."