பின்வரிசை அங்கிள்

"ஒண்ணு அவர் வரணும், இல்ல நாங்க வரணும். நீயே சொல்லிடு ரூபினி," என்றாள் ஷில்பா.

பெங்களூரு எலெக்ட்ரானிக் சிட்டியில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு. கார் நிறுத்துமிடத்துக்கு மேலே ஒரு ஹால். தொடையும் பின்புறமும் நாற்பதே நாளில் இளைக்க, அங்கே பெண்களுக்குப் பயிற்சி கொடுக்கிறாள் ரூபினி. நீலசந்திராவிலிருந்து இரண்டு பஸ் மாறி, காலை ஆறரைக்கெல்லாம் வந்து நிற்பாள்.

அவள் வாய்க்காகவே கூட்டம் சேர்ந்தது. முதல் நாளே, கொஞ்சம் பருத்த ஒரு அம்மாளிடம், "ஆன்ட்டி, பார்த்துக் குதிங்க, கீழே கார் நிக்குது," என்றாள். ஹாலே குலுங்கியது, சிரிப்பில்.

அடுத்த வாரம் முளைத்தார் இந்த மனிதர். வயது அறுபத்தைந்து இருக்கும். துணி காயப்போடும் கம்பி மாதிரி உடம்பு. இடுப்பு எங்கே என்று டார்ச் அடித்துத் தேட வேண்டும். அப்பேர்ப்பட்டவர் பின்வரிசையில் நின்று, இல்லாத நாற்காலியில் உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்தார்.

அதுகூடப் பரவாயில்லை. நடுநடுவே பெண்களின் கால்களை உற்றுப் பார்த்து, சின்ன நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டார்.

"மார்க் போடுறார்டீ," என்றாள் தாரணி.

வகுப்பே கலைந்துவிடும் போலிருந்தது. ரூபினி அவரை வாசல் பக்கம் கூப்பிட்டாள்.

"அங்கிள், இது லேடீஸ் கிளாஸ். நீங்க எதுக்கு வர்றீங்க?"

"எனக்குத்தாம்மா. இடுப்பு பெருத்துப்போச்சு."

உள்ளே யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"வயசுக்குத் தகுந்த மாதிரி நடந்துக்கங்க அங்கிள். நாளையிலேர்ந்து வராதீங்க."

அவர் காது மடல் சிவந்துவிட்டது. காது மடல் சிவந்துவிட்டது. செருப்பை இடவலம் மாற்றி மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகுதான் பார்த்தாள், ஜன்னல் மேடையில் அவர் நோட்டு.

என்ன கண்றாவியோ என்று பிரித்தாள்.

தீக்குச்சி மனிதர்கள். பக்கத்துக்குப் பக்கம், காலை மடக்கியும் நீட்டியும். கீழே குண்டு குண்டாக எழுத்து: 'ஸ்குவாட் (உட்கார்ந்து எழுவது) பத்து. மங்களத்துக்கு எட்டு போதும், வலது முட்டி வலி. அந்தப் பொண்ணு ஏழு முடிந்ததும் மறுபடி ஏழு சொல்லும். நாமும் அப்படியே.'

அட்டையில் 'சண்முகம், பி-204' என்றிருந்தது.

மங்களம் யார்? நோட்டைக் கொடுத்துவிட்டு ஒரு சாரியும் சொல்லிவிடலாம் என்று பி பிளாக்குக்குப் போனாள்.

மணியடிக்கக் கை தூக்கினாள். பக்கத்துச் சமையலறை ஜன்னலில் அவர் குரல் கேட்டது.

"அஞ்சு... ஆறு... ஏழு... ஏழு..."

"ஏழு அப்பவே ஆச்சு. ஏமாத்தாதீங்க."

"அங்க அப்படித்தான் எண்ணுவாங்க. உக்காரு, எட்டு."

எட்டிப் பார்த்தாள். ஃப்ரிட்ஜ் கைப்பிடியைப் பிடித்தபடி, இல்லாத நாற்காலியில் உட்கார்ந்து கொண்டிருந்தாள் ஓர் அம்மாள். அன்றைக்கு, முதல் நாள், பார்த்துக் குதிக்கச் சொன்ன அதே அம்மாள். மறுநாளிலிருந்து அவளைக் காணவில்லை என்பதே ரூபினிக்கு இப்போதுதான் உறைத்தது.

"நாளைக்கு என்னங்க புதுசு?" அந்த அம்மாளுக்கு மூச்சு வாங்கியது.

"புதுசா ஒண்ணுமில்ல. இதையே நல்லா செய்யச் சொல்லிட்டாங்க."

"இன்னமும் அந்தக் கார் கதையைச் சொல்லிச் சிரிக்கிறாங்களா?"

ரூபினியின் விரல் அழைப்பு மணியின் பொத்தானுக்கு ஓர் அங்குலம் முன்னால் நின்றுவிட்டது.

"சேச்சே. அந்தப் பொண்ணு தங்கமானது மங்களம். மங்களம்மா எப்ப வருவாங்கன்னு தினம் என்கிட்ட உன்னைத்தான் விசாரிக்குது."