தூண் மறைவு இருக்கை

புதுப்பித்த தியேட்டரில் இன்று முதல் காட்சி. பகல் வெளிச்சம் வாசலோடு நின்றுவிடுகிறது. உள்ளே வார்னிஷ் வாசனை, சிவப்பு வெல்வெட், அக்கம்பக்கத்தாரின் கலகலப்பு. இடிக்கவிருந்த கட்டடத்தை வீடு வீடாகக் கையெழுத்து வாங்கிக் காப்பாற்றிய ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், மனைவியோடு நுழைகிறார். வழிகாட்ட டார்ச்சோடு நிற்பவர் பழைய ஆள்தான். இங்கே எலி ஓடிய காலத்திலும், காலைக் காட்சியில் ஆபாசப் படம் ஓட்டி தியேட்டர் பிழைத்த காலத்திலும் இதே கதவருகே நின்றவர்.

"வாங்க சார்!" என்கிறார், முகமெல்லாம் சிரிப்பாக. விருந்தினர்களுக்கு ஒதுக்கிய முன்வரிசைக்கு அழைத்துப்போக வேண்டியவர், பழக்கதோஷத்தில் பின்பக்கம் நடக்கிறார். தூண் மறைவிலிருக்கும் கடைசி இருக்கையில் வெளிச்சம் விழுகிறது. "உங்க இடம் சார். மாத்தாம வெச்சிருக்கோம்."

மனைவி திரும்பிப் பார்க்கிறாள். "உங்க இடமா? இருபது வருஷமா இந்தப் பக்கமே தலைவெச்சுப் படுக்கலேன்னீங்க?"

அன்றெல்லாம் காலைக் காட்சிக்கு முகத்தை மறைக்கக் கொண்டுவந்த கைக்குட்டையைத் தலைமையாசிரியரின் கை இப்போதும் பைக்குள் தேடுகிறது. டார்ச்சுக்காரருக்கு அப்போதுதான் உறைக்கிறது. நாக்கைக் கடித்துக்கொள்கிறார்.

"மன்னிச்சுக்கங்கம்மா. வேற யாரோன்னு நெனச்சுட்டேன். சாரை இன்னைக்குத்தான் பாக்கறேன்."

"பாவம், கண்ணு சரியா தெரியல போல. இவரையா மறுபடி வேலைக்கு வெச்சிருக்காங்க?" என்கிறாள் மனைவி, கணவரிடம்.

டார்ச்சுக்காரர் தரையைப் பார்த்தபடி நிற்கிறார். தலைமையாசிரியரின் காதுமடல் கொதிக்கிறது.

"ஆமா," என்கிறார். "கண்ணு தெரியலதான்."

டார்ச்சுக்காரர் முன்வரிசைப் பக்கம் திரும்புகிறார். நாலடி போனதும் நின்று, தலைமையாசிரியரின் காலடியில் வெளிச்சம் காட்டுகிறார்.

"பாத்து வாங்க சார். இங்க ஒரு படி இருக்கு."