கட்டம் கட்டமாய் ஒரு மெயில்

மூன்று மணித் தேர்வுக்கு இன்னும் இருபது நிமிடம். ‘மையம் அடுத்த தெருவுக்கு மாற்றப்பட்டுள்ளது’ என்று காலையில் தேர்வு அலுவலகத்திலிருந்து நானூறு பேருக்கு அவள் அனுப்பிய மெயில் அவள் திரையில் முத்து முத்தாக நிற்கிறது. பக்கத்து மேஜை அண்ணனின் போனிலோ கட்டமும் கேள்விக்குறியுமாகப் பல்லிளிக்கிறது. “எனக்கே அனுப்பிப் பாத்தேண்ணா, நல்லாத்தானே இருந்துச்சு!” “உன் மெஷின் தானா ஊகிச்சுச் சரி பண்ணிக்கும்மா. மத்ததெல்லாம் மேல எழுதியிருக்கறதத்தான் நம்பும்.” நகத்தைக் கடித்துக்கொண்டே மெயிலின் தலைப்பகுதிக்கு ஏறுகிறாள். எழுத்துகளை எந்த முறையில் படிக்க வேண்டும் என்று சொல்லும் ஒற்றை வரியில், பழைய மெயிலிலிருந்து ஒட்டிக்கொண்டு வந்த வேறொரு முறையின் பெயர். அதை மாற்றி அனுப்புகிறாள். அண்ணனின் போனில் எழுத்துகள் சட்டென்று கூடுகின்றன. நானூறு பேருக்கும் மறுபடி அனுப்பிவிட்டு ஜன்னலுக்கு ஓடுகிறாள். கீழே பழைய மையத்தின் பூட்டிய கேட்டருகே ஒவ்வொரு போனாக ஒளிர்கிறது. குனிந்த தலைகள் நிமிர்கின்றன. மொத்தக் கூட்டமும் அடுத்த தெருவுக்கு ஓடி மறைகிறது. “அப்பாடா” என்கிறார் அண்ணன். அப்போதுதான் பஸ்ஸிலிருந்து இறங்கிய ஒரு பெண், வெறிச்சோடிய கேட்டின் முன்னால் விழித்துக்கொண்டு நிற்கிறாள். கையில் ஹால்டிக்கெட்டும் பேனாவும் மட்டும். ‘போன் கொண்டுவரக் கூடாது’ என்று அந்த ஹால்டிக்கெட்டில் அடித்தவளும் இவள்தான். செருப்பைக்கூடத் தேடாமல் படியிறங்கி ஓடுகிறாள்.